ஒரே வளவில் இரண்டு வருத்தம்: போன மாரியில் 25 கோழிகளைப் பறிகொடுத்த கதை

முதல் கோழி செத்த அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போயிருந்தால், இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது. நான் போனது எட்டு நாள் கழித்து. அதற்குள் கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, அம்மா, கொழும்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், போனில் பார்த்த வீடியோக்கள் என்று எல்லோரிடமும் வைத்தியம் கேட்டு முடித்திருந்தேன். கோழியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பக்கம். ஏழு பரப்பு வளவு, பின்னால் கிணற்றடி, அதற்கு அங்கால் கிடுகு மேய்ந்த கோழிக்கூடு. அப்போது பன்னிரண்டு பேடும் இரண்டு சேவலுமாக 14 ஊர்க்கோழிகள். நாளுக்கு ஐந்தாறு முட்டை வரும். வீட்டுத் தேவைக்குப் போக மிச்சத்தை ஒழுங்கைக்குள்ளேயே ஒன்று 60 ரூபாவுக்குக் கொடுத்துவிடுவேன். ஐப்பசியில் இரண்டு பேட்டை அடை வைத்து 19 குஞ்சு பொரித்தது. அந்தத் துணிவில், கார்த்திகை முடியும் நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பக்கம் போனபோது, கால் கட்டிக் கிடந்த மூன்று பேட்டை ஒன்றுக்கு 2,200 ரூபா கொடுத்து வாங்கிவந்தேன். நல்ல சிவப்புக் கொண்டை, பளபளவென்ற செட்டை. கொண்டுவந்து நேரே கூட்டுக்குள் விட்டேன். முதல் பிழை அதுதான். புதுக்கோழி எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஆகக்குறைந்தது இரண்டு கிழமை, முடிந்தால் ஒரு மாதம், வளவின் மற்ற மூலையில் தனிக் கூட்டில் தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு இருக்கவேண்டும். நோய்க்கிருமி உள்ளே போய் வெளியே தெரிய இரண்டு வாரம்வரை எடுக்கலாம். சந்தையில் கோழி சுகமாக நின்றது என்பது அன்றைய நிலவரம் மட்டுமே.

ஆறாம் நாள் சனிக்கிழமை, புதிதாக வந்ததில் ஒன்று கழுத்தை உள்ளுக்கு இழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பூவரச மரத்தடியில் தூங்கி விழுந்தது. ஞாயிறு விடியக் கூட்டைத் திறந்தபோது செத்துக் கிடந்தது. வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "பிள்ளை, இது மழைக் குளிர். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைச்சு உருட்டிக் குடு, எல்லாம் சரியாய்ப் போயிடும்" என்றார். ஞாயிறு என்பதால் மிருக வைத்திய அலுவலகம் பூட்டு. கோழித்தீன் விற்கும் கடை திறந்திருந்தது. கடைக்காரர் ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். எச்சம் என்ன நிறம் என்றார். பச்சையும் வெள்ளையுமாக என்றேன். ஒரு அன்ரிபயோட்டிக் தூளும் விற்றமின் பைக்கற்றும் தந்தார், 2,750 ரூபா. அவரில் எனக்குக் கோபம் இல்லை. கோழியைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மருந்து தொடங்கியாயிற்றே என்ற ஆறுதலில் திங்கட்கிழமை அலுவலகம் திறந்தும் நான் போகவில்லை. அந்த ஆறுதல்தான் என்னைக் கெடுத்தது.

செத்த கோழியைப் புதைத்த விதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதனால் ஒரு உறவே கொஞ்ச நாள் முறிந்தது. எங்கள் பக்கத்து நிலம் தெரியும்தானே, ஒன்றரை அடி தோண்டினால் அலவாங்கு சுண்ணாம்புக்கல்லில் 'ணங்' என்று முட்டும். மழையும் பெய்தது. அந்த ஒன்றரை அடியிலேயே போட்டு மண்ணை மூடிவிட்டேன். இரவு நாய் கிளறி எடுத்து, இழுத்துக்கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் போட்டது. அடுத்த கிழமைக்குள் அவருடைய மூன்று கோழி செத்தது. வேலிக்கு மேலால் வெங்காயம் நீட்டிய அதே அக்கா ஒன்றரை மாதம் என் முகம் பார்க்கவில்லை. அவர் பக்கம் நியாயம். பின்னர் டொக்டர் சொன்னது: ஆழமாகத் தோண்ட முடியாத இடத்தில் எரிப்பது நல்லது. புதைப்பதென்றால் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரத்தில், மேலும் கீழும் சுண்ணாம்பு தூவி, மேலே பாரமான கல் வைக்கவேண்டும். நாம் குடிக்கிற தண்ணீர் இதே கல்லின் வெடிப்புகளுக்குள்ளால்தான் வருகிறது, கிணற்றடியில் எதையும் தாழ்க்கக் கூடாது.

செவ்வாய் இரண்டு கோழி, வியாழன் இரண்டு. இடையில் புதன்கிழமை முன்பக்கத் தாழ்வாரத்தில் தனிக் கூட்டில் இருந்த குஞ்சுகளில் இரத்தக் கழிச்சல் தொடங்கியது. அப்போது அவைக்கு ஐந்து கிழமை. மழைச் சாரலில் உமி நனைந்து களியாகிக் கிடந்தது. மாற்றவேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். உமிக்கு மேலே, வெற்றிலை துப்பினதுபோல் சிவப்புத் திட்டுகள். குஞ்சுகள் செட்டையைத் தொங்கப் போட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றன. எனக்கோ பின்னால் பச்சைக் கழிச்சல், முன்னால் சிவப்புக் கழிச்சல், இரண்டும் ஒரே வருத்தம் முற்றிப்போனது என்றே எண்ணம். அதே தூளை இரட்டிப்பாகக் கரைத்து எல்லாவற்றுக்கும் வைத்தேன். மறுபடி கடைக்குப் போய் வேறொரு அன்ரிபயோட்டிக்கும் ஈரல் ரொனிக்கும் வாங்கினேன், இன்னொரு 2,000. அந்த நாட்களில் இரவில் நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு ரோச் லைற்றோடு கூட்டடிக்குப் போய் நிற்பேன். உள்ளே இருந்து ஒரு சத்தம் வரும், சேவல் கூவ எடுத்துக் கூவ முடியாமல் விக்குவதுபோல. அது மூச்சுக்கு இழுக்கும் சத்தம் என்று அப்போது தெரியாது.

சனிக்கிழமை இரவு ஒன்றாக நான்கு பெரிய கோழி. அதில் ஒன்று சாகமுதல் கழுத்து முறுகி, சொண்டு வானத்தைப் பார்க்க, பின்னுக்குப் பின்னுக்கு நடந்து சுவரில் முட்டியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சுவாமி அறையில் இருந்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஞாயிறு காலை மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் செத்த பெரிய கோழி ஒன்றும் செத்த குஞ்சு ஒன்றும் தனித்தனியாக இரட்டைப் பையில் கட்டி வைத்தேன். திங்கள் எட்டரைக்கு அலுவலக வாசலில் நின்றேன்.

டொக்டர் என்னிலும் வயது குறைந்தவர். பெட்டியைத் திறக்கமுதல் கேள்விகள்தான். "அக்கா, எந்த வயசில செத்தது? முதல் செத்ததுக்கும் இண்டைக்கும் எத்தினை நாள்? கடைசி ஒரு மாசத்தில வெளியால இருந்து ஏதாவது கொண்டுவந்தனீங்களோ? மூச்சு எப்படி, கால் கழுத்து எப்படி, முட்டை குறைஞ்சதோ?" எச்சத்தின் நிறத்தை அவர் கடைசியாகத்தான் கேட்டார். எனக்கு அது வியப்பாக இருந்தது. பச்சை எச்சம் என்றால் கோழி தீன் தின்னவில்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது என்று அர்த்தம், அது எந்த வருத்தத்திலும் வரலாமாம். சுகமான கோழியின் எச்சம் கபில நிறக் கட்டியில் வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். ஆனால் எட்டு, பத்து தரத்துக்கு ஒருக்கால் கரைத்த பழப்புளிபோல ஒட்டுகிற, நாறுகிற எச்சம் ஒன்று வரும். அது குருட்டுக்குடலில் இருந்து வருவது, அதுவும் சுகம்தான். அதைப் பார்த்துவிட்டுக் கழிச்சல் என்று நான் எத்தனை தரம் மருந்து கொடுத்திருப்பேன்!

பிறகு கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினார். முகத்தைத் திருப்பப் பார்த்தேன், "பாருங்கோ, இனி உங்களுக்கு உதவும்" என்றார். பெரிய கோழியில், கறிக்கு வெட்டும்போது உட்தோலை உரித்து எடுப்போமே அந்தத் தடித்த பைக்கு முன்னால் ஒரு சின்னப் பை இருக்கிறது. அதைப் பிளந்தால் உட்சுவரில் ஊசியால் குத்தினதுபோல் சிவப்புப் புள்ளிகள். மூச்சுக்குழாய்க்குள் சளி. இது ராணிக்கெட். ஆங்கிலத்தில் நியூகாசில் என்பார்கள். இரண்டும் ஊர்ப் பெயர்கள்தான், ஒன்று இந்தியாவின் இமயமலைப் பக்கம், மற்றது இங்கிலாந்தில். 1920களின் பிற்பகுதியில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இரண்டு இடத்திலும் கண்டுபிடித்ததால் இரண்டு பெயர். ராணிக்கும் கோழிக்கும் என்ன தொடர்பு என்று அதுவரை நான் யோசித்ததுண்டு. குஞ்சை வெட்டியபோது கதை வேறு. கோழிக்கு இரண்டு குருட்டுக்குடல் உண்டு, சின்ன விரல் தடிப்பில் இரண்டு குழாய். அவை இரண்டும் ஊதிக் கருஞ்சிவப்பாகி, வெட்டியதும் உறைந்த இரத்தம் கட்டியாக வெளியே வந்தது. இது கொக்சிடியோசிஸ். ஈர உமியில் பெருகும் ஒருவகை ஒட்டுண்ணி. பெரிய கோழிகள் முன்பே பழகி எதிர்ப்பு எடுத்துவிடும், குஞ்சுகள்தான் அகப்படும்.

ஒரே வளவில், ஒரே கிழமையில், இரண்டு வருத்தம். ஒன்று வைரஸ், அதற்கு மருந்தே இல்லை. மற்றது மருந்துள்ள வருத்தம், ஆனால் நான் கொடுத்த எதுவும் அந்த மருந்து இல்லை. "பெரிசுகளுக்குச் செய்ய ஒண்டும் இல்லை அக்கா. குஞ்சுகளைக் காப்பாத்தலாம், உடன போங்கோ" என்றார். வாசலில் வந்து ஸ்கூட்டியில் ஏறியபோது கை நடுங்கியது. அதுவரை எட்டுக் குஞ்சு செத்திருந்தது. புதன்கிழமை இரத்தத்தைக் கண்ட அன்றே ஒரு குஞ்சைக் கொண்டுபோயிருந்தால், அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

குஞ்சுகளுக்குத் தந்தது அம்ப்ரோலியம் என்ற மருந்து, குடிதண்ணீரில் கரைப்பது. அளவு பைக்கற்றில் இருப்பதுபோல, கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. அந்த நாட்களில் வேறு தண்ணீர் கிடைக்கவே கூடாது, தினமும் புதிதாகக் கரைக்கவேண்டும். இதில் ஒரு முக்கியமான விசயம். அம்ப்ரோலியம் அமைப்பில் விற்றமின் பி1 போலவே இருந்து, அந்த ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான் பட்டினி போடுகிறது. நான் பக்கத்தில் விற்றமின் தண்ணீர் வைத்திருந்தேன் என்றதும் டொக்டர் தலையில் கை வைத்தார். பி1 கூடினால் மருந்து எடுபடாது. விற்றமினை நிறுத்தி, சோர்ந்தவற்றுக்கு ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் பருக்கச் சொன்னார். உமி முழுவதையும் அள்ளி எரித்து, சீமெந்துத் தரையில் கொதிதண்ணீர் ஊற்றினேன். அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கு வெளுக்கும் நீர் பொருட்டே இல்லையாம், சூடும் ஈரம் இல்லாமல் காய்வதும்தான் அதைக் கொல்லும். இரண்டு நாளில் இரத்தம் நின்றது. இன்னும் நான்கு போக ஏழு குஞ்சு தப்பியது.

பின்பக்கத்தில் மேலும் நான்கு பெரிய கோழி செத்து, நான்கு மிஞ்சியது. ஆக 13 பெரிசு, 12 குஞ்சு. கோழியின் விலையே 26,000 ரூபாவுக்கு மேல், கடை மருந்து 4,750. முட்டைக் காசை நான் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்க மனமில்லை. காசைவிட என்னைக் குத்தியது வேறொன்று. அன்ரிபயோட்டிக் கரைத்துக் கொடுத்த அந்த எட்டு நாளும், இடுகிற ஒன்றிரண்டு முட்டையை வீணாக்காமல் ஐந்து வயது மகனுக்கு அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் பைக்கற்றில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை தொடக்கூடாது, சில மருந்துகளை முட்டைக் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. எழுத்து சின்னது, தமிழிலும் இல்லை, நான் வாசிக்கவில்லை. அந்தக் கிழமை எனக்கு இடது கண் சிவந்து நீர் வடிந்தது. அழுததால் என்று நினைத்தேன். ராணிக்கெட் கோழியைக் கையாண்டால் மனிதருக்கும் அப்படிக் கண் நோகலாம், தானாக மாறிவிடும் என்று பிறகு அறிந்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

இப்போது ஒரு கோழி குறுகி நின்றால் நான் செய்வது இதுதான். முதலில் தூக்கித் தனியாக ஒரு கடகத்தால் மூடுவேன். எத்தனை, எந்த வயது, எவ்வளவு வேகம் என்று பார்ப்பேன். சின்னதும் பெரிசுமாக நாலைந்து நாளில் பலது விழுந்தால், மூச்சிழுப்பும் கழுத்து முறுகலும் இருந்தால், கடைப் பக்கமே போவதில்லை, நேரே டொக்டரிடம்தான். குஞ்சுகள் மட்டும் விழுந்தால் உமியைப் பார்ப்பேன். முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கால் நாற்றமெடுத்த நீர் வடிந்தால் அது சளி வருத்தம். பக்டீரியா என்பதால் அங்கேதான் அன்ரிபயோட்டிக்குக்கு வேலை, அதுவும் டொக்டர் எழுதினால். மாறினாலும் அந்தக் கோழி கிருமியைக் காவித் திரியும், புதுக் குஞ்சுகளோடு விடமாட்டேன். ஒன்று மட்டும் சோர்ந்து நின்றால், விடியத் தீன் போடமுதல் கழுத்தடியில் தீன் சேரும் பையைத் தடவிப் பார்ப்பேன். வெறுமையாக இருக்கவேண்டும். கல்லுப்போல் இருந்தால் அடைப்பு, தண்ணீர்ப் பைபோல் தளும்பிப் புளித்த மணம் வந்தால் அது வேறு வருத்தம். ஒருக்கால் அந்தப் பைக்குள் இருந்து நைலோன் கயிறு வந்தது, பயற்றைக் கொடி கட்டின மிச்சம். இறகுக்கு அடியில், எச்சம் போகும் வாயைச் சுற்றி, வெள்ளைத் தூள் ஒட்டினதுபோல் இருந்தால் பேன் முட்டை. பேடு இரவில் கூட்டுக்குள் போக மறுத்தால் ரோச் லைற்றோடு பலகை இடுக்குகளைப் பாருங்கள், செள் பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில்தான் இரத்தம் குடிக்கும். சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு மூலையில் போட்டுவிட்டால், குளித்துப் பேனைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

தையில் நுளம்பு பெருகியபோது மிஞ்சிய குஞ்சுகளில் மூன்றுக்குக் கொண்டையிலும் கண் ஓரத்திலும் அம்மை போட்டது. பதறவில்லை. வேப்பிலை, மஞ்சள், தேங்காயெண்ணெய் குழைத்துப் பூசினேன், அம்மாவின் கைமருந்து இங்கே உதவியது, பொருக்கு இளகியது. உரித்து எடுக்கத்தான் கூடாது, விழும் பொருக்கில் கிருமி இருக்கிறது. கண் மூடிப்போனதுக்குக் கையால் தீன் ஊட்டினேன். மூன்று கிழமையில் மாறியது.

ராணிக்கெட்டுக்கு இருப்பது தடுப்பூசி ஒன்றுதான், அதுவும் வருத்தம் வரமுதல். தடுப்பு பிடிக்கவே பத்து நாள், இரண்டு கிழமை ஆகும். ஏற்கெனவே கிருமி உள்ளே போன கோழிக்குப் போட்டுப் பயனில்லை. ஊசி என்று பெயர்தானே தவிர, நான் போடுவது கண்ணில் ஒரு சொட்டு. தண்ணீரிலும் கலக்கலாம், ஆனால் முதல்தரம் போட இருந்தபோது டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போட்டவையோ?" போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் கலந்திருந்தால் உயிருள்ள மருந்து கையிலேயே செத்திருக்கும். வெயிலும் அதைக் கொல்லும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, விடிய வெயில் ஏறமுதல், கரைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். சொட்டு விட்டதும் கோழி கண்ணைச் சிமிட்டி அதை உள்ளே இழுக்கும்வரை விடக்கூடாது. சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடுவதில்லை.

மருந்து சின்னக் குப்பியிலேயே 100 கோழிக்கு வரும், உடைத்தால் வைக்க முடியாது. எனக்கு இருந்ததோ பதினொன்று. அதனால் வெட்கத்தை விட்டு வேலிக்கு அங்கால் போனேன். இரண்டு விடலைப் பேட்டைக் கையில் கொடுத்துவிட்டு விசயத்தைச் சொன்னேன். அக்கா பேட்டை வாங்கினார், பதில் சொல்லவில்லை. அடுத்த சனி விடிய ஆறு மணிக்கு, கோழிகளை ஒரு உரப் பையிலும் இரண்டு கடகத்திலும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இப்போது ஒழுங்கையில் நாலு வீடு, 61 கோழி. அக்கா பிடிப்பார், நான் சொட்டு விடுவேன், மகன் கலண்டரில் எண்ணிக்கை எழுதுவான். மூன்று மாதத்துக்கு ஒருக்கால். கழுத்து முறுகித் தப்பிய பேடு ஒன்று இன்னும் தலையைச் சரித்துத்தான் நிற்கிறது, அதன் கண்ணில் சொட்டு விட மட்டும் அக்கா முழங்காலில் இருக்கவேண்டும். குப்பியையும் மிச்ச மருந்தையும் நான் கொதிதண்ணீரில் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பேன். அடுத்தது புரட்டாதியில், மழைக்கு முன்னம்.